கஜலட்டிக் கணவாயும் மாயாற்றுப் பழந்தடங்களும்: நடந்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

இட்டேரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சத்தியமங்கலத்துக்கு மேற்கே, பவானிக் கரையோரம் ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வடக்கே திம்பம் மலை தெரியும். மைசூருக்கு எப்படிப் போவது என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அந்த மலையைத்தான் கைகாட்டுவார்கள். 27 கொண்டை ஊசி வளைவு, லாரி, நெரிசல் என்று கதையும் சொல்வார்கள். என் அம்மாயி மட்டும் மேற்கே கைநீட்டுவார். "அந்தக் காலத்து மைசூரு வழி அதுதான். மாயாத்துக்குள்ள போவோணும்" என்பார்.

அம்மாயி போய்ப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஒரு நோட்டில்கூட எழுதி வைக்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காக: மாயாறு நீலகிரி மேட்டில் பைக்காராவாகப் பிறக்கிறது. கீழே இறங்கிக் கிழக்கே திரும்பி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடுகிறது. அப்புறம் ஆழமான பிளவுக்குள் விழுந்து, தெற்கே நீலகிரிச் சுவரும் வடக்கே தலமலை மேடும் காவல் நிற்க, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வந்து சேர்கிறது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே மைசூர் மேட்டுக்கு ஏறுகிற வழிதான் கஜலட்டிக் கணவாய். பழைய ஆங்கில நூல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர் அது. இன்றைய வரைபடத்தில் தேடினால் வெறும் பச்சை.

எனக்கு வேண்டியது பெயர்கள். தங்கிய இடம், ஆற்றைக் கடந்த துறை, சுமைதாங்கி, கிணறு, எது தெரிந்தாலும் எழுதுங்கள். காட்டுக்குள் போய்ப் பார்த்து வாருங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. அது புலிகள் காப்பகம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொன்னால் போதும்.

சேவூரான்

நல்ல இழை. கஜலட்டி என்றால் எனக்கு 1790 செப்டம்பர்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் அந்தச் சண்டை எங்கள் ஊர் வரைக்கும் வந்தது.

மூன்றாம் மைசூர்ப் போர். கம்பெனிப் படைத் தலைவர் மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அடுத்து கஜலட்டி வழியாக மேலே ஏறி நேராக ஸ்ரீரங்கப்பட்டணம் போவதுதான் திட்டம். அதற்காக கர்னல் ஃபிளாய்டை முன்கூட்டியே சத்தியமங்கலத்தில் நிறுத்திவைத்தார். கணவாயின் வாசலில் இருந்த டணாய்க்கன் கோட்டையையும் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள் ஏறுவதற்குள் திப்பு இறங்கிவிட்டார். அதே கணவாய், எதிர்த்திசை. செப்டம்பர் 13-ஆம் தேதி சத்தியமங்கலத்தருகே சண்டை. நாளெல்லாம் அடிவாங்கிய ஃபிளாய்டு பின்வாங்க, மறுநாள் சேவூர்ப் பக்கம் வரை துரத்திவந்து மோதினார்கள்.

அதோடு கஜலட்டித் திட்டம் மடிந்தது. 1791-இல் காரன்வாலிஸ் பொறுப்பேற்றதும் இந்தப் பக்கமே வராமல் வேலூரிலிருந்து கிளம்பி முகிலிக் கணவாய் வழியாகப் பெங்களூரைப் பிடித்தார். ஒரு கணவாயைக் கையில் வைத்திருந்தவர் போரின் போக்கையே மாற்றினார் என்று சொல்லலாம். இது திப்பு போட்ட ராணுவப் பாதை, அப்படித்தான் இதைப் பதிய வேண்டும் என்பது என் கருத்து.

இட்டேரி

சேவூரான் அண்ணா, தேதியோடு எழுதியதற்கு நன்றி. கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

திப்பு அந்த வழியாக இறங்கினார், சரி. எப்படி அவ்வளவு சீக்கிரம் இறங்க முடிந்தது? பீரங்கியை இழுக்க மாடு வேண்டும், மாட்டுக்குத் தண்ணீரும் புல்லும் வேண்டும், ராத்திரி கட்டிப்போட இடம் வேண்டும். ஒரு படை வந்து இறங்குகிற வாரத்தில் இதையெல்லாம் புதிதாக உண்டாக்க முடியாது. காலங்காலமாக மாடு போய்வந்த தடம் இருந்தால்தான் முடியும். அந்தக் காலத்துப் படைகளுக்குத் தானியம் சுமந்தவர்கள் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு, சண்டை இல்லாத வருடங்களில் உப்பும் தானியமும் ஏற்றி இதே மாதிரிக் கணவாய்களில் நடந்தவர்கள். மைசூர்ப் பீரங்கிகளை இழுத்த மாடுகளும் அரண்மனைக் கொட்டகையில் நின்று தின்றவை கிடையாது. 'அமிர்த மகால்' என்று திப்பு பெயர் வைத்த அந்த மந்தைகள் மேய்ச்சல் காடுகளில் வளர்ந்தவை.

படை நடந்தது சில வாரம். பொதிமாடு நடந்தது சில நூறு வருடம். பாதைக்கு யார் பெயரை வைப்பது என்று வந்தால் நான் மாட்டுக்காரன் பக்கம்.

புளியம்பட்டி வாத்தியார்

கஜம் என்றால் யானை. யானைகள் நடமாடும் இடம், அதனால் கஜலட்டி. இதுதான் பெயர்க்காரணம் என்று நினைக்கிறேன்.

சாம்ராஜ்நகர் மகள்

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்குப் பிறந்த வீடு சாம்ராஜ்நகர், புகுந்த வீடு சத்தி. இரண்டு மொழியும் வீட்டில் புழங்குவதால் சொல்கிறேன்.

முன்பாதியை விடுங்கள், பின்பாதியைப் பாருங்கள். கன்னடத்தில் 'ஹட்டி' என்றால் மாடு அடைக்கும் இடம், அதைச் சுற்றி உண்டான சிற்றூர். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் பல கன்னடத்தில் ஹகரமாகும். பால் ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. அப்படியே பட்டி, ஹட்டி. நீங்கள் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்று சொல்லும் அதே பட்டிதான். தலமலை மேட்டில் இன்றைக்கும் இருக்கும் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பெஜலட்டி, தடசலட்டி. எல்லாம் ஒரே அச்சு. கஜலட்டியும் அந்த வரிசையில் ஒன்று. 'கஜல' என்பது யானையா, ஆள் பெயரா, வேறு ஏதாவதா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 'அட்டி' மட்டும் மாட்டுப்பட்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆக இட்டேரி சொன்னதற்குப் பெயரிலேயே சாட்சி இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பார்சுவநாதர் பசதியில் (சமணக் கோயில்) 1117-ஆம் வருடத்துக் கல்வெட்டு உண்டு. ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்த்தனரின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்சவைத்து நீலமலையைப் பிடித்தான் என்று வரும். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த கல் அது. அப்போது எனக்கு உறைக்காதது இப்போதுதான் உறைக்கிறது: எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து நீலகிரிக்குப் போக வேண்டுமென்றால் நடுவே மாயாற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 900 வருடத்துக்கு முன்னாலேயே ஒரு படை தாண்டியிருக்கிறது என்றால் தாண்டுவதற்குத் துறையும் தடமும் இருந்திருக்கிறது.

புளியம்பட்டி வாத்தியார்

கோபமே இல்லை அம்மா. பட்டி என்று சொன்னதும் விளங்கிவிட்டது. என் ஊர்ப் பெயரிலும் அதே பட்டி இருக்கிறது, இத்தனை வருடம் யோசிக்கவில்லை.

தேனாட்டுப் பேரன்

படகர் வீட்டுப் பிள்ளை நான். எங்கள் முன்னோர் மைசூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. பெண் கேட்டு வந்த ஒரு தலைவனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியதாகவும், துரத்தி வந்தவர்கள் கைக்கு எட்டும் நேரத்தில் மாயாறு வழிவிட்டதாகவும் பாட்டி சொல்வார். வழிவிட்டு, எங்களவர் கரையேறியதும் மறுபடி பெருகி அவர்களைத் தடுத்துவிட்டதாம். கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்கள் ஆட்களின் நினைவில் நீலகிரியின் வாசல் மேட்டுப்பாளையம் கிடையாது, மாயாறு. எங்கள் ஊர்களையும் ஹட்டி என்றுதான் சொல்கிறோம்.

இட்டேரி வடக்கே ஏறும் வழியைக் கேட்டிருக்கிறார். தெற்கே ஏறும் வழியையும் இந்த இழையில் சேர்க்க வேண்டும். ஊட்டி என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் கேள்விப்படும் முன்னால் நீலகிரிக்கு ஏறிய வழி அது. 1800 அக்டோபரில், கம்பெனிக்காக மைசூர்ச் சீமையைச் சுற்றிப் பார்த்து எழுதிய புக்கானன் டணாய்க்கன் கோட்டையிலிருந்து கிளம்பி அரக்கோடு வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1812-இல் கீஸ், மக்மஹோன் என்ற இரண்டு நில அளவையாளர்கள் அதே கோட்டையிலிருந்து அரக்கோடு, தேனாடு என்ற மலையூர்கள் வழியாக ஏறி வந்தார்கள். அப்புறம் கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்ததும் வேறு வழி பார்க்க ஆரம்பித்தார். மேக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரி 1821-இல் தொடங்கி சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டி, 1823-இல் முடித்தார். அதோடு தேனாட்டு வழி தேய ஆரம்பித்தது.

அந்த வழியின் மேல்முனையில் ஒரு சுமைதாங்கியைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குக் கீழே, தேயிலை முடிந்து சோலை தொடங்கும் இடம். ஆள் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். குறுக்குக் கல்லின் மேல் விளிம்பு, மலைப் பக்கம் இருப்பது கரடுமுரடாகத்தான் இருக்கிறது. பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பது மட்டும் அம்மிக்கல் மாதிரி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள் மூட்டையை அந்தப் பக்கத்திலிருந்துதான் இறக்கியிருக்கிறார்கள். எத்தனை மூட்டை உரசியிருந்தால் கருங்கல் அப்படித் தேயும்! நான் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

மலையேறி 94

அருமையான தகவல்கள் சார். அந்தச் சுமைதாங்கி இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி கிடைக்குமா? அங்கிருந்து கீழே இறங்கி மாயாறு கடந்து கஜலட்டி வழியாகத் தலமலை ஏற முடியுமா? நண்பர்கள் ஐந்து பேர் இருக்கிறோம், நல்ல பயிற்சி உண்டு.

தேனாட்டுப் பேரன்

தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் புள்ளி தர மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கீழ்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர்க் காட்டில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இவ்வளவு ஓவியம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். மாட்டுக் கூட்டம், வேட்டை, ஆட்டம் என்று பாறை முழுக்க வரைந்திருக்கிறார்கள். வழி வெளியே தெரிந்ததும் ஆட்கள் வந்து அவற்றின்மேல் பெயரைக் கிறுக்கினார்கள், சுரண்டினார்கள். ஆயிரக்கணக்கான வருடம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கியது நம் கைக்குத் தாங்கவில்லை. போனது போனதுதான்.

பரிசல்துறை

மலையேறி தம்பிக்கு நானும் ஒரு வார்த்தை. நான் தெங்குமரஹாடாக்காரி. அனுமதி இல்லாமல் இந்தக் காட்டில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். நாங்களே பொழுது சாய்ந்தால் வீட்டைவிட்டு நகர மாட்டோம். யானைக்கும் கரடிக்கும் உங்கள் பயிற்சி தெரியாது.

சரி, இழைக்கு வருகிறேன். எங்கள் ஊர் நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. ஊரில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொடநாடு காட்சிமுனை நேர் மேலே. சுற்றுலா வருபவர்கள் அங்கே நின்று எங்கள் வயலைப் பார்த்து, பச்சைத் துண்டு மாதிரி இருக்கிறது என்று போட்டோ எடுப்பார்கள். ஆனால் தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் நாங்கள் பரிசலில் மாயாறு கடந்து, அக்கரையில் நிற்கும் பஸ் ஏறி, காராச்சிக்கொரை செக்போஸ்ட், பவானிசாகர், அப்புறம் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலையேறிக் கோத்தகிரி என்று ஊரைச் சுற்றிப் போக வேண்டும். என் தாத்தா காலத்தில் இந்தச் சுற்று இல்லை. விடியற்காலையில் கிளம்பி நேராக மலையேறி, உச்சிப் பொழுதுக்கு மேலே போய்விடுவாராம். மிளகாய் மூட்டை தலையில். திரும்பும்போது உருளைக்கிழங்கு. தேனாட்டுப் பேரன் சொன்ன கல்லில் தாத்தாவின் மூட்டையும் உரசியிருக்கலாம்.

எங்கள் ஊர் இப்போதிருக்கும் வடிவத்துக்கு வந்தது 1948-இல். உணவுப் பஞ்சக் காலத்தில் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து, காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். நெல், வாழை, மஞ்சள், மிளகாய் எல்லாம் போடுவோம். எங்களுக்கு முன்னாலிருந்தே இருளர்கள் இருக்கிறார்கள். அல்லிமாயாறு, கல்லாம்பாளையம் எல்லாம் அவர்கள் ஊர். தடம் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் அவர்களுக்குத்தான் தெரியும். தேனுக்கும் சீயக்காய்க்கும் கடுக்காய்க்கும் போய்வந்த கால்கள்.

ஆற்றைப் பற்றி ஒன்று. மாயாறு மழையை மட்டும் நம்பிப் பெருகாது. மேலே பைக்காரா மின்நிலையம் 1932-இல் வந்தது. அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் மரவகண்டி அணையில் தேங்கி, அடுத்து 1952-இல் வந்த மாயாறு மின்நிலையத்தில் மறுபடி மின்சாரமாகிவிட்டுத்தான் எங்களிடம் வருகிறது. அங்கே திறந்தால் இங்கே வெயில் காய்ந்தாலும் வெள்ளம். காலையில் முழங்கால் அளவில் கடந்த இடத்தில் சாயங்காலம் பரிசல் போட முடியாது. பழைய துறைகள் எங்கே என்று தேடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்தக் காலத்து ஆறு வேறு ஆறு. கோடையில் மாடு நடந்தே கடந்திருக்கும்.

அணைக்கரை

பவானிசாகரில் மீன்பிடி வேலையில் இருக்கிறேன். எல்லாரும் டணாய்க்கன் கோட்டை என்று எழுதுகிறீர்கள். அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே! அது எங்கள் வலைக்குக் கீழே இருக்கிறது.

1948-இல் அணை வேலை தொடங்கி 1955-இல் முடிந்தது. கரை மட்டும் எட்டு கிலோமீட்டருக்கு மேல். அதில் கோட்டையும் ஊரும் வயலும் முழுகின. ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில், இந்தப் பக்கத்தை ஆண்ட மாதவ தண்டநாயகன் பெயரால் அங்கே பெருமாள் கோயில் இருந்தது. 'நீலகிரி சாதாரன்' என்று அவருக்குப் பட்டம். தண்டநாயகன் என்ற பதவிப் பெயர்தான் நம் வாயில் டணாய்க்கன் ஆகிவிட்டது. சாமி சிலைகளை அணை கட்டும்போதே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டடம் உள்ளேயே நின்றுவிட்டது.

நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் கோயில் வெளியே வரும். அப்படி ஒரு கோடையில் நடந்தே போனேன். சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கால் வைக்கும் இடமெல்லாம் நத்தை ஓடு நொறுங்கும். மண்டபத் தூண் ஒன்றில் எங்கள் ஆள் எவரோ விட்ட வலை சுற்றிக்கொண்டு காய்ந்திருந்தது. தூணில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வரிவரியாகக் கோடு, ஒவ்வொரு வருடமும் தண்ணீர் நின்ற அடையாளம். அதற்குக் கீழே கல்லைத் தடவினால் மெல்லிய சேற்றுத் தோல் உரிந்து, உள்ளே செதுக்கிய தாமரை தெரிகிறது. கும்பிட சாமி இல்லை என்று தெரிந்தும் என்னோடு வந்த பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

வடக்கே கஜலட்டி, தெற்கே தேனாடு. இரண்டு வழிக்கும் தலைவாசல் அந்தக் கோட்டை. பாதை தேய்ந்ததற்குத் திம்பம் சாலையை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். வாசலையே தண்ணீருக்குள் வைத்துவிட்டோம்.

சேவூரான்

அணைக்கரை தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக யோசனை. நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். திப்பு போட்ட பாதை என்றது தவறு. திப்பு பயன்படுத்திய பாதை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போனதும், கணவாயைக் காக்க வேண்டிய தேவையே போய்விட்டது. அப்புறம் திம்பம் மலைக்கு அப்பாலுள்ள ஆசனூர் வழியாக வண்டிப்பாதை வந்தது, கஜலட்டி ஓய்ந்தது. போருக்காக மட்டும் இருந்த வழியென்றால் 1799-உடன் நின்றிருக்கும். பரிசல்துறையின் தாத்தா காலம் வரை ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கில் குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறார்களே, அதுவே பதில்.

இட்டேரி

அண்ணா, தவறென்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தேதிகள் இல்லாவிட்டால் மற்றதைத் தொங்கவிட ஆணியே இருந்திருக்காது.

பரிசல்துறை அக்கா, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரை வெளியே குடியமர்த்தும் பேச்சு நடக்கிறது, குடும்பத்துக்கு 15 லட்சம் என்றெல்லாம் செய்தி வருகிறது. போவதா இருப்பதா என்பது உங்கள் முடிவு, அதில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்கள் நான்கு திசைக்குப் பிரிந்துவிட்டால் பெயர்களும் பிரிந்துவிடும். ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு, பழைய துறை, ஓடை, மேடு எல்லாவற்றின் பெயரையும் அவர்கள் சொல்கிறபடியே பதிவுசெய்ய முடியுமா? அம்மாயி விஷயத்தில் நான் விட்டதை நீங்கள் விட்டுவிடக் கூடாது.

பரிசல்துறை

செய்கிறேன் தம்பி. பாட்டி இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. அல்லிமாயாற்றிலிருந்து பால்காரம்மா ஒருவர் வருவார், அவரையும் உட்காரவைக்கிறேன்.

பரிசல்துறை

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், இங்கே டவர் சரியில்லை. இருவரையும் திண்ணையில் உட்காரவைத்து போனில் பதிவுசெய்தேன். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்டு, இப்படியே ஒன்றரை மணி நேரம் ஓடியது. பத்தொன்பது பெயர் கிடைத்தது. பாதி மரத்தின் பெயர்: நீர்மருது நிற்கும் துறை, புளியமரத்து ஓடை இப்படி. அந்த மருத மரங்களில்தான் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் என்று பால்காரம்மா சொன்னார். மாடு நிறையச் செத்த காலத்தில் கழுகும் நிறைய இருந்ததாம்.

ஒரு பெயர் மட்டும் எனக்குப் புரியவில்லை. அக்கரையில் ஆற்றை ஒட்டி ஒரு சமதளம், நாலைந்து நெட்டுக்குத்தான கல் நட்டிருக்கும், அந்த இடத்தை இரண்டு பேரும் 'தாவளம்' என்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் இருவருக்கும் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

புளியம்பட்டி வாத்தியார்

அம்மா, படித்ததும் எழுந்து அகராதியை எடுத்தேன். தாவளம் என்றால் தங்குமிடம் என்று போட்டிருக்கிறது. இதே பவானி மேலே அட்டப்பாடி வழியாக வரும்போது அதன் கரையிலும் தாவளம் என்று ஓர் ஊர் இருக்கிறது, நான் போயிருக்கிறேன். இலங்கையில் மலைநாட்டுக்கு உப்பு ஏற்றிப்போன பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்று சொல்வார்கள்.

அந்தக் கற்களின் கழுத்துப் பக்கம் கயிறு உரசிய தேய்மானம் இருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்க முடியுமா?

பரிசல்துறை

கேட்டேன் ஐயா. "கல்லு இடுப்பு செறுத்திருக்கும், சின்னப்புள்ளைல அதுல கயிறு கட்டி ஊஞ்சலாடுவோம்" என்கிறார்.

இட்டேரி

அக்கா, அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். இன்னொரு போனிலும் ஏற்றி வையுங்கள். பத்தொன்பது பெயரையும் அவர்கள் சொன்ன வரிசையிலேயே இங்கே போடுங்கள், இடம் மட்டும் குறிக்க வேண்டாம். தலமலைப் பக்கம் உறவு இருப்பவர்கள் யாராவது இருந்தால், மேலே ஏறியதும் முதல் தாவளம் எது என்று பெஜலட்டி, தடசலட்டிப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.